கருவாடு விற்க சிங்கப்பூரில் கம்பெனி: ஏஜென்ட் சொல்வதில் எவ்வளவு உண்மை?

ராயபுரம்_கருவாடு
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா காலத்தில் இருந்து காசிமேட்டில் எங்களுக்குக் கருவாட்டு மொத்த வியாபாரம். நெத்திலி, காரப்பொடி, வாளை, வஞ்சிரம், சுறா எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் நெத்திலியை வாங்கிப் போனார். "இது அங்கே நல்லா போகும்பா" என்றார். அதில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

போன வாரம் தி.நகரில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் நடத்தினார்கள். ஒரு டாலர் முதல் போட்டால் மூன்றே நாளில் கம்பெனி, விமானம் ஏறவே வேண்டாம், டைரக்டரையும் அவர்களே தருவார்களாம், இரண்டு வருடத்தில் பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி). எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 அட்வான்ஸ் கட்டினால் சலுகையாம். அத்தை பையன் அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான், வேண்டுமானால் அவனையே டைரக்டராகப் போட்டுவிடலாம் என்றும் யோசனை.

செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கட்டலாமா?

மண்ணடி_பாய்
தம்பி, அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் நிறுத்துங்கள். விவரமாக ராத்திரி எழுதுகிறேன், இப்போது கடையில் லோடு இறங்குகிறது.

வண்ணாரப்பேட்டை_ஆடிட்டர்
ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை விற்கிறார்கள்.

ஒரு டாலர் முதல் போதும் என்பது உண்மை. மூன்று நாள் கூட வேண்டாம், காகிதம் சரியாக இருந்தால் ஒரே நாளில் பதிவாகிவிடும். அக்ரா என்கிற அரசு அலுவலகத்துக்குப் பெயர் பதிய 15 டாலர், கம்பெனி பதிய 300 டாலர், ஆக 315 சிங்கப்பூர் டாலர்தான் சர்க்காருக்குப் போகிறது. வெளிநாட்டுக்காரர் நேரடியாகப் போய்ப் பதிய முடியாது, அங்கே பதிவுபெற்ற ஏஜென்சி வழியாகத்தான் செய்யணும். அதனால் இடையில் ஒருவர் இருப்பதில் தப்பில்லை. தி.நகர்காரர் அந்தப் பதிவுபெற்றவரா, இல்லை அவருக்கு ஆள் பிடிப்பவரா என்று முதலில் கேளுங்கள்.

பி.ஆர். என்பது சுத்தப் பொய். கம்பெனி வைத்திருப்பதற்கும் அங்கே குடியிருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் போய் உட்கார்ந்து நடத்தணும் என்றால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் இருந்து அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 டாலர், வயது ஏற ஏற அதுவும் ஏறும். அந்தச் சம்பளத்தை உங்கள் கம்பெனியே உங்களுக்குத் தரணும். எத்தனை கிலோ நெத்திலி விற்றால் மாதம் 5,600 டாலர் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொழில்முனைவோருக்கு என்ட்ரெபாஸ் என்று ஒன்று இருக்கிறது. அது புதுத் தொழில்நுட்பத்துக்கும் பெரிய முதலீட்டாளர் பின்னால் நிற்கும் ஆட்களுக்கும். கருவாட்டுக்கு இல்லை.

ராயபுரம்_கருவாடு
ஆடிட்டர் சார், நன்றி. அப்போ அத்தை பையனை டைரக்டராகப் போட்டால்? அந்தச் செலவாவது மிச்சம் ஆகும் இல்லையா?

வண்ணாரப்பேட்டை_ஆடிட்டர்
அவர் எந்த பாஸில் இருக்கிறார்? கம்பெனிக்கு அங்கேயே வசிக்கிற டைரக்டர் ஒருவராவது இருந்தே ஆகணும் என்பது சட்டம். குடிமகனோ பி.ஆரோ என்றால் பிரச்சினை இல்லை. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் (எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் கீழ்ப்பட்ட வேலை அனுமதிகள்) ஆட்கள் ஆக முடியாது. இன்னொரு கம்பெனியின் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவரும் நினைத்த மாதிரி உங்கள் கம்பெனியில் உட்கார முடியாது, அங்கத்திய மனிதவள அமைச்சகம் ஒத்துக்கொள்ளணும்.

ராயபுரம்_கருவாடு
ஒர்க் பெர்மிட்தான் சார்.

திருவொற்றியூர்_அக்கா
அப்படியானால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். உங்கள் நெத்திலிக்காக அவன் வேலையும் பெர்மிட்டும் போகும், அத்தை வீட்டுப் பக்கம் நீங்கள் தலைகாட்ட முடியாது.

மண்ணடி_பாய்
லோடு இறங்கிவிட்டது. இப்போது என் கதை.

எனக்கு மண்ணடியில் பைப் ஃபிட்டிங்ஸ் கடை. 2018ல் இதே ஒரு டாலர் பேச்சைக் கேட்டு நானும் போனேன். சீனாவில் வாங்கி மலேசியாவில் விற்பது, நடுவில் சிங்கப்பூர்க் கம்பெனி. ஏஜென்சி டைரக்டர் தந்தார்கள், செக்ரட்டரி தந்தார்கள், முகவரி தந்தார்கள். நான்காம் நாள் மெயிலில் கம்பெனிச் சான்று வந்துவிட்டது. பர்மா பஜார் பக்கம் அத்தோ கடையில் நண்பர்களுக்கு எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் பேங்க். ஆள் நேரில் வரணும் என்றார்கள், டிக்கெட் போட்டுப் போனேன். கண்ணாடி அறையில் ஒரு பெண் அதிகாரி, மரியாதையாகத்தான் கேட்டார். சிங்கப்பூரில் உங்கள் வாடிக்கையாளர் யார்? யாரும் இல்லை. சரக்கு இங்கே இறங்குமா? இறங்காது. அப்படியானால் ஏன் சிங்கப்பூர்? ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த வரியைச் சொன்னேன். அவர் அதை எழுதக்கூட இல்லை, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

டைரக்டரும் கையெழுத்துப் போடணும் என்றார்கள். ஏஜென்சியில் கேட்டு அவரைத் தேடிப் போனால், அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார். வயசான மனுஷன், கோப்பி-ஓ வாங்கிக் கொடுத்தார். பத்து நிமிஷம் பேசிய பிறகு என்னிடமே கேட்டார், "உங்க கம்பெனி பேர் என்ன?" அவர் பெயரில் எத்தனை கம்பெனி என்று அவருக்கே தெரியாது. பேங்குக்குத் தெரிந்திருந்தது. கணக்கு தரவில்லை.

மூன்று வருஷம் ஒரு டாலர் வியாபாரம் இல்லாமல் டைரக்டருக்கும் செக்ரட்டரிக்கும் முகவரிக்கும் வருஷா வருஷம் கட்டினேன். மூடலாம் என்றால் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாமல் மூட முடியாது. இரண்டு வருஷத்தை ஏஜென்சியே விட்டுவைத்திருந்தது, அபராதம் என் தலையில். இன்றைக்கு அந்த அபராதம் மூன்று மாதத்துக்குள் என்றால் 300 டாலர், தாண்டினால் 600. திறப்பதற்கு நான்கு நாள், மூடுவதற்கு ஏழு மாதம்.

வியாசை_பையன்
பாய், துபாய் போயிருக்கலாமே? அங்கே லோக்கல் பார்ட்னர் வேண்டாம், வரியும் இல்லை.

மண்ணடி_பாய்
பார்ட்னர் வேண்டாம் என்பது சரி, 2021 ஜூனில் இருந்து பெரும்பாலான தொழிலுக்கு முழு உரிமை உண்டு. வரி இல்லை என்பது பழைய கதை தம்பி. 2023ல் இருந்து 3,75,000 திர்ஹத்துக்கு மேல் லாபம் வந்தால் 9 சதவீதம். லைசென்ஸ் புதுப்பிக்கிற செலவு வருஷா வருஷம், விசா செலவு தனி. அங்கே போய் உட்காருகிறவனுக்கு நல்ல ஊர். ராயபுரத்தில் உட்கார்ந்து நடத்த நினைப்பவனுக்கு அங்கேயும் அதே பேங்க் கேள்விதான்.

வண்ணாரப்பேட்டை_ஆடிட்டர்
பாய் சொன்ன கதைக்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது. 2025 ஜூன் 9ல் இருந்து அங்கே புதுச் சட்டம். காசுக்குப் பெயர் கொடுக்கிற டைரக்டரைப் பதிவுபெற்ற ஏஜென்சிதான் ஏற்பாடு செய்யணும், அவர் தகுதியானவர்தானா என்று பார்த்துத்தான் போடணும். அவர் பெயருக்கு டைரக்டர் என்பதும் இனிமேல் பதிவேட்டில் வெளிப்படையாகத் தெரியும், பேங்க் அதிகாரி ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும்.

இன்னொன்று, இதை எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் கம்பெனி வரி 17 சதவீதம். புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று வருஷம் முதல் ஒரு லட்சம் டாலர் லாபத்தில் 75 சதவீதத்துக்கு வரி விலக்கு என்று போஸ்டரில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த விலக்கு அங்கே வரி வசிப்பிடம் உள்ள கம்பெனிக்கு மட்டும். வசிப்பிடம் என்பது எங்கே பதிந்தோம் என்பதை வைத்து இல்லை, முடிவு எடுப்பது எங்கே என்பதை வைத்து. எல்லா முடிவையும் காசிமேட்டுக் கடைத் திண்ணையில் எடுத்தால் சலுகை கைக்கு வராது.

நம் ஊரிலும் இதே மாதிரி ஒரு விதி உண்டு, வெளிநாட்டுக் கம்பெனியை உண்மையில் இங்கிருந்து நடத்தினால் அதை இந்தியக் கம்பெனியாகவே வைத்து வரி கேட்கலாம். வருட விற்றுமுதல் 50 கோடிக்குள் என்றால் அந்த விதி வராது என்று 2017ல் சுற்றறிக்கை இருக்கிறது, அதனால் இந்தத் தம்பிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் உங்கள் கடை உங்கள் சிங்கப்பூர்க் கம்பெனிக்கே நெத்திலி விற்கும்போது விலையை உங்கள் இஷ்டத்துக்குப் போட முடியாது. வெளியாளுக்கு என்ன விலையோ அதே விலை, அதற்கு வருஷா வருஷம் ஆடிட்டர் அறிக்கை. என் ஃபீஸையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள் :)

மணலி_கோடர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆப் எழுதி ஐரோப்பாவில் விற்கிறேன். எஸ்டோனியா இ-ரெசிடென்சி எனக்குச் சரிப்படுமா? லண்டன் கம்பெனி இன்னும் மலிவு என்கிறார்களே?

வண்ணாரப்பேட்டை_ஆடிட்டர்
உங்கள் தொழில் கணினியில் நடப்பது, அதனால் கருவாட்டை விட உங்களுக்கு இது பொருந்தும். எஸ்டோனியா 2014 டிசம்பரில் ஆரம்பித்த திட்டம், அட்டை வாங்கி இங்கிருந்தே கம்பெனி பதியலாம். 2,500 யூரோ முதல் வேண்டும் என்ற விதியும் 2023ல் போய்விட்டது. அந்த அட்டை விசா ஆகாது, அதை வைத்துக்கொண்டு விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. லண்டனில் உள்ளூர் டைரக்டர் வேண்டாம். பதிவுக் கட்டணம் 50 பவுண்டாக இருந்தது, 2026 பிப்ரவரியில் இருந்து 100. 2025 நவம்பரில் இருந்து டைரக்டர்கள் அடையாளச் சரிபார்ப்பும் செய்யணும். தனி இழை போடுங்கள், விவரமாகப் பேசலாம்.

வியாசை_பையன்
ராயபுரம் அண்ணே, முதல் அனுப்ப பேங்க் தொல்லையே வேண்டாம். அங்கே இருக்கும் தெரிந்தவர் உங்கள் பெயரில் போட்டுவிடட்டும், இங்கே அவர் வீட்டில் நீங்கள் ரூபாயாகக் கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

திருவொற்றியூர்_அக்கா
இதற்குத்தான் இந்த இழையில் எழுத வந்தேன். முப்பது வருஷம் வங்கியில் அன்னியச் செலாவணிப் பிரிவில் இருந்தவள் நான். தம்பி, நீங்கள் சொன்னதற்குப் பெயர் ஹவாலா. தெருவில் பாதிப் பேர் செய்வதால் அது சட்டம் ஆகிவிடாது. ஃபெமா என்கிற அன்னியச் செலாவணிச் சட்டத்தில் சிக்கினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம்.

முறையான வழி அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. ஒரு ஆள் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவதும் அதற்குள் வரும், ஆனால் அதற்குத் தனி ஃபாரம், ஃபார்ம் எஃப்.சி. உங்கள் வங்கிதான் அதை ரிசர்வ் வங்கிக்கு ஏற்றித் தனி எண் வாங்கித் தரும். ஒரு டாலர் முதல் என்றாலும் அதே ஃபாரம்தான். ஒரு டாலர்தானே என்று கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் போன ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றைக் கொண்டுவந்து கொடுக்கணும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31க்குள் ஆண்டறிக்கை. மறந்தால் தாமதக் கட்டணம், அது கட்டும் வரை அடுத்த பணம் அனுப்ப முடியாது.

2022 ஆகஸ்டில் விதிகள் மாறின. தனி ஆள் தொடங்கும் கம்பெனி உண்மையான வியாபாரம் செய்யணும், நிதித் தொழில் கூடாது, அதன் கீழே குட்டிக் கம்பெனி வைத்துக் கட்டுப்படுத்தவும் கூடாது. வருஷத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் காசு அதுவரை முடங்கும், அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை_ஆடிட்டர்
அக்கா சொன்னதோடு இதையும். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தப் பங்கைக் காட்டியே ஆகணும், லாபம் பூஜ்யம் என்றாலும். காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் அபராதம். சொத்து மதிப்பு மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால், நிலம் வீடு தவிர, 2024 அக்டோபரில் இருந்து அந்த அபராதம் இல்லை. இருந்தாலும் காட்டுங்கள்.

ராஜாஜி_சாலை_கிளியரிங்
மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் கம்பெனியைப் பற்றியே பேசுகிறீர்கள். கருவாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தம்பி, நான் கஸ்டம் ஹவுஸ் எதிரே இருபத்திரண்டு வருஷமாக சி.எச்.ஏ. வேலை, அதாவது சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் ஏஜென்ட். நாளைக்கே கம்பெனி பதிந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் மீன் பொருள் இறக்கணும் என்றால் அந்தக் கம்பெனி எஸ்.எஃப்.ஏ. என்கிற அவர்களுடைய உணவுத் துறையில் லைசென்ஸ் எடுக்கணும், கஸ்டம்ஸில் கணக்கு திறக்கணும், ஒவ்வொரு தடவை சரக்கு வரும்போதும் பெர்மிட் எடுக்கணும். சுங்கவரி இல்லை, ஆனால் இறக்கும்போதே 9 சதவீதம் ஜி.எஸ்.டி. அந்தக் கம்பெனிக்கு வருடம் பத்து லட்சம் டாலர் விற்பனை வந்தால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பதியாத வரை இந்த 9 சதவீதத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது.

உங்கள் நெத்திலியைக் கேட்ட மளிகைக் கடைக்காரர் யாரிடம் சரக்கு எடுக்கிறார்? அங்கே ஒரு இறக்குமதியாளர் இருப்பார். அவரிடம் லைசென்ஸ், கணக்கு, பெர்மிட், குடோன் எல்லாமே ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் இங்கிருந்து அவருக்கு ஏற்றுமதி செய்தால் முடிந்தது. கம்பெனி எதற்கு?

உங்களுக்கு வேண்டிய காகிதம் இங்கே இருக்கிறது. ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண், 500 ரூபாய், ஆன்லைனில் வந்துவிடும். எம்பெடா என்கிற கடல்பொருள் ஏற்றுமதி ஆணையத்தில் பதிவு. சொந்தப் பதனிடும் யூனிட் இல்லாததால் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் என்று பதிந்து, அனுமதி உள்ள யூனிட்டில் பேக் செய்யுங்கள். காசிமேட்டில் மணலில் கொட்டிக் காயவைத்த சரக்கு வேலைக்கு ஆகாது. உயரத்தில் கம்பி வலைத் தட்டி கட்டிக் காயவைத்ததாக இருக்கணும். பல்லில் ஒரு மணல் கடிபட்டால் உங்கள் பெயர் அங்கே முடிந்தது.

சுறாவை மறந்துவிடுங்கள். சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015லேயே தடை. சுறாவில் நிறைய வகைக்கு சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) அனுமதி வேறு கேட்பார்கள். ஒரு துண்டு கலந்திருந்தாலும் மொத்த கன்டெய்னரும் நிற்கும்.

அப்புறம் வாசனை. நமக்கு வாசனை, பக்கத்துப் பெட்டிக்காரனுக்கு நாற்றம். பாதி கன்டெய்னர் சரக்காக, மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம் என்று கனவு காணாதீர்கள். ஒரு முறை துணி பேல்களோடு கருவாட்டை ஏற்றிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே போய்த் திறந்தபோது காட்டன் சட்டை எல்லாம் காரப்பொடி மணம்.

மண்ணடி_பாய்
கிளியரிங் அண்ணன் சொன்னதுதான் சரி. 2018ல் இவரிடம் போகாமல் தி.நகர் போனது என் நேரம். தம்பி, அங்கே இறக்குமதி செய்யும் ஒருவர் எனக்குப் பழக்கம். கீழக்கரைக்காரர், சொன்ன சொல் மாறாத ஆள். தனிச்செய்தியில் வாருங்கள்.

ராயபுரம்_கருவாடு
எல்லாருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது, விசிட்டிங் கார்டுக்கு டிசைன் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அட்வான்ஸ் கட்டவில்லை. ஏஜென்ட் இன்றைக்கு மட்டும் ஆறு முறை கூப்பிட்டார். நீங்கள் பதிவுபெற்ற ஏஜென்சியா, பதிவு எண் என்ன என்று ஆடிட்டர் சார் சொன்னபடி கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு போன் இல்லை.

ராயபுரம்_கருவாடு
(ஐந்து மாதம் கழித்து)
இந்த இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லணும்.

ஐ.இ.சி. வந்தது, எம்பெடா பதிவும் முடிந்தது. பாய் சொன்ன கீழக்கரைக்காரரிடம் பேசி 40 கிலோ நெத்திலி ஏர் கார்கோவில் மாதிரிக்கு அனுப்பினோம், பெர்மிட் எல்லாம் அவரே எடுத்தார். கால் கிலோ வாக்குவம் பாக்கெட், 160 பாக்கெட். நான் தொழில் கற்ற நாளில் இருந்து அவ்வளவு அழகாக நெத்திலியைப் பார்த்ததில்லை, வெள்ளி மாதிரி இருந்தது.

போய்ச் சேர்ந்ததும் அவர் போட்டோ அனுப்பினார். முப்பத்தேழு பாக்கெட் காற்று ஏறி உப்பிக் கிடந்தது. தலையும் முள்ளும் கவரைக் குத்திப் பொத்தல் போட்டுவிட்டது. உப்பும் கொஞ்சம் தூக்கல் என்றார். மீதி நான்கே நாளில் விற்றதாம், அடுத்து 200 கிலோ கேட்டிருக்கிறார்.

கம்பெனி திறக்கவில்லை. அவருக்கு விற்று வருகிற கணக்கு மூன்று வருஷம் ஓடட்டும், அப்புறம் அந்தக் கண்ணாடி அறைக்குப் போய் உட்காரலாம் என்று ஆடிட்டர் சார் நேரில் பார்த்தபோது சொன்னார்.

இப்போது கேள்வி: பொத்தல் விழாத கவர் எங்கே கிடைக்கும்?

ராஜாஜி_சாலை_கிளியரிங்
சவுகார்பேட்டையில் கவர் கடைகளில் நைலான் கலந்த தடிமன் கவர் கேளுங்கள். விலை கூடும். ஒரு பாக்கெட் நெத்திலியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே போட்டு அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

திருவொற்றியூர்_அக்கா
கவருக்குச் செலவு செய்வதற்கு முன்னால் தலையைக் கிள்ளி அனுப்புங்கள். அங்கே இருப்பவர்களும் சமைப்பதற்கு முன்னால் கிள்ளித்தான் போடப்போகிறார்கள்.

ராயபுரம்_கருவாடு
அக்கா, இதையேதான் எங்கள் அம்மாவும் சொன்னார்கள். கிள்ளும் கூலி கிலோவுக்கு எவ்வளவு என்று கடைசித் தெருப் பெண்களிடம் நாளைக்கு விடியற்காலை கேட்கப் போகிறேன். தலை போனால் எடை குறையும், அதையும் விலையில் ஏற்றணும். பாய், அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வைக்க முடியுமா?

மண்ணடி_பாய்
சொல்கிறேன். எனக்கு அரைக் கிலோ, தலையோடு.